பாதைக்கும் ஒரு பத்தி

ஸ்காட்லாந்தின் மலைநடைக் கழகங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பும் நிகழ்ச்சிநிரலில் வருணனை குறைவு, எண்களே அதிகம். தேதி, மலையின் பெயர், உயரம், போய்வரும் தூரம், ஏற வேண்டிய மொத்த ஏற்றம், வரைபடத் தாளின் எண், கார் கிளம்பும் நேரம். பிரிட்டன் முழுவதையும் 204 தாள்களில் அடக்கியிருக்கும் 1:50,000 வரைபட வரிசையில் பென் நெவிஸ் இருப்பது 41ஆம் தாளில். 'தாள் 41' என்று எழுதியிருந்தாலே உறுப்பினருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். இந்த எண்களை நான் மதிக்கிறேன். பத்துப் பதினைந்து பேர் காலையில் ஏறி, இருட்டுவதற்குள் முழுதாகக் கீழே வந்து சேர்வதை இவைதான் சாத்தியமாக்குகின்றன. ஆனால் ஒரு செலவுக்கு மட்டும் அந்த நிரலில் பத்தியே இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கு.

முதலில் உயரம். 3,000 அடி, அதாவது 914.4 மீட்டர். இந்த எல்லையைத் தாண்டிய ஸ்காட்லாந்து மலைகளை சர் ஹியூ மன்ரோ 1891இல் பட்டியலிட்டார். தனி மலைகள் 283, துணைச் சிகரங்களையும் சேர்த்தால் 538. இன்று அந்த மலைகளை அவர் பெயராலேயே 'மன்ரோ' என்கிறார்கள். எண்ணிக்கை இப்போது 282. இடையில் சில சேர்ந்தன, சில விழுந்தன. வடமேற்கில் ஒரு மலையைச் செயற்கைக்கோள் கருவியால் அளந்தபோது 913.43 மீட்டர்தான் தேறியது. 97 சென்டிமீட்டர் குறைந்ததால் 2009இல் அது பட்டியலை விட்டு இறங்கியது. 2012இல் இன்னொன்று 913.96 மீட்டரில் நின்று, 44 சென்டிமீட்டரில் தகுதியை இழந்தது. பென் நெவிஸுக்கு லாபம்: 2016இல் மீண்டும் அளந்தபின் 1,344 என்றிருந்தது 1,345 ஆயிற்று.

ஒரு மீட்டருக்கும் குறைவான இந்த வித்தியாசம் கழகங்களுக்குப் பெரிய செய்தி. பட்டியலை முடிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக நடப்பவர்கள் எல்லாக் கழகத்திலும் உண்டு. எந்த ஞாயிறு எந்த மலை என்பதைப் பெரும்பாலும் அவர்கள் விருப்பமே தீர்மானிக்கிறது. ஏ. ஈ. ராபர்ட்சன் என்ற பாதிரியார் 1901இல் முதன்முதலாக முடித்ததாக ஏற்கப்பட்டிருக்கிறது. இரண்டாமவர் 1923இல், அவரும் ஒரு பாதிரியாரே. பெண்களில் முதலாமவர் 1947இல். முடித்தவர்களின் பதிவு இன்று 7,000ஐத் தாண்டிவிட்டது. மன்ரோ 1919இல் இறந்தபோது அவரது கணக்கில் சில சிகரங்கள் பாக்கி இருந்தன.

மாதம் ஒரு ஞாயிறு, நாளுக்கு இரண்டு மன்ரோ, ஒரு மாதமும் தவறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் 282ஐ முடிக்க 11 ஆண்டு 9 மாதம் பிடிக்கும். மழையும் குடும்பமும் வேலையும் எடுத்துக்கொள்ளும் ஞாயிறுகளைக் கழித்தால் இருபது ஆண்டு என்பதே நியாயமான கணக்கு.

அந்த இருபது ஆண்டை ஹாமிஷ் பிரவுன் 112 நாளில் அடக்கினார். ஆண்டு 1974. அன்றைய பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் ஒரே தொடர்பயணமாக முடித்த முதல் மனிதர் அவர். தூரம் 1,639 மைல், ஏற்றம் 4,49,000 அடி. கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்டின் உயரத்தைப் பதினைந்தரை முறை ஏறியதற்குச் சமம். இந்த எண்களை வைத்து ஒரு நாள் உழைப்பைக் கணக்கிட முடியும். அதற்கு ஒரு சூத்திரம் தேவை. அது 1892இலேயே கிடைத்துவிட்டது.

கழகங்களின் வரலாறு இங்கே கொஞ்சம் வருகிறது. கெய்ர்ன்கார்ம் கழகம் 1887இல் தொடங்கியது, ஸ்காட்டிஷ் மலையேற்றக் கழகம் 1889இல். பெண்களுக்கென ஒரு கழகத்தை மூன்று பெண்கள் 1908இல் கில்லின் அருகே ஒரு பெரும்பாறையடியில் பேசி முடிவுசெய்து தொடங்கினார்கள். 1889இன் கழகத்துக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் நெய்ஸ்மித். மூன்று மலைகளை ஒரே நாளில் கடந்த நடையைப் பற்றிக் கழக இதழில் அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார்: 10 மைல், 6,300 அடி ஏற்றம், ஆறரை மணி நேரம். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் என்ற எளிய கணக்கு இதற்குச் சரியாகப் பொருந்துவதையும் அதில் சுட்டிக்காட்டினார். போட்டுப் பாருங்கள்: 10 மைலுக்கு 3 மணி 20 நிமிடம், 6,300 அடிக்கு 3 மணி 9 நிமிடம், மொத்தம் 6 மணி 29 நிமிடம். ஒரு நிமிட வித்தியாசம். ஒரு நடைக்குறிப்பின் இரண்டு வரிகள் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிகழ்ச்சிநிரல்களை நடத்திவருகின்றன.

பிரவுனுக்கு அதைப் பொருத்தினால் தூரத்துக்கு 546 மணி, ஏற்றத்துக்கு 224 மணிக்குச் சற்று மேல், ஆக ஏறக்குறைய 771 மணி. 112 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 6 மணி 53 நிமிடம். கேட்பதற்கு ஓர் அலுவலக நாளைவிடக் குறைவு. ஆனால் 112 நாளும் அப்படி, தினமும் நாலாயிரம் அடி ஏற்றம், முதுகில் மூட்டை. 2023இல் ஜேமி ஆரன்ஸ் இதை 31 நாள் 10 மணி 27 நிமிடத்தில் முடித்தார். அது வேறு உலகத்துக் கணக்கு. கழகத்து நடையாளர்கள் அவரைக் கொண்டாடலாம், அவர் வேகத்தை வைத்து நிரல் போட முடியாது.

மெட்ரிக் அளவில் நெய்ஸ்மித் கணக்கு இப்படி ஆகிறது: மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். மலைப் பகுதி வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். ஆகவே காகிதத்தில் ஒரு கோடு, கடிகாரத்தில் ஒரு நிமிடம். பென் நெவிஸின் வழக்கமான பாதையில் போய்வர 17 கி.மீ., ஏற்றம் 1,350 மீட்டர். தூரத்துக்கு 3 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 2 மணி 15 நிமிடம், மொத்தம் 5 மணி 39 நிமிடம். வழிகாட்டிகள் சொல்வதோ 7 முதல் 9 மணி நேரம். வித்தியாசம் எங்கே போகிறது? ரொட்டி தின்ன, காலுறை மாற்ற, முழங்கால் வலிக்க இறங்க, பின்தங்கியவருக்காகக் காத்திருக்க. கழகம் என்றால் கடைசி ஆளின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். நெய்ஸ்மித் தந்த எண்ணோடு மூன்றில் ஒரு பங்காவது கூட்டாத தலைவரோடு நான் போக மாட்டேன்.

இந்த எண்ணை வெளிச்சத்தோடு ஒப்பிட்டால்தான் நிகழ்ச்சிநிரல் ஏன் அப்படி அமைகிறது என்பது விளங்கும். பென் நெவிஸ் அடிவாரத்தில் ஜூன் மூன்றாம் வாரப் பகல் பதினேழரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பர் மூன்றாம் வாரப் பகல் ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. அதே மலை, அதே 17 கி.மீ.; ஜூனில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கையிருப்பு, டிசம்பரில் பற்றாக்குறை. அதனால் டிசம்பர் வரிசையில் சிறிய மலைகள் வருகின்றன: 2,500 முதல் 3,000 அடிக்குள் இருக்கும் 222 'கார்பெட்'டுகளில் ஒன்றோ, அதனினும் தாழ்ந்ததோ. தலைவிளக்கு கட்டாயம். பனிக்காலம் முழுக்க ஆறு பகுதிகளுக்குத் தினமும் பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியாகிறது. அதைப் பார்த்துவிட்டு முந்தின நாள் இரவே மலையை மாற்றுவது சாதாரணம். மாற்றத் தயங்காத தலைவரே நல்ல தலைவர்.

வானிலையை எண்ணாகச் சொல்லும் தகுதி உலகில் சில மலைகளுக்கே உண்டு. பென் நெவிஸ் அதிலொன்று. 1883 முதல் 1904 வரை அதன் உச்சியில் ஓர் ஆய்வகம் இருந்தது. ஊழியர்கள் அங்கேயே தங்கி, இரவும் பகலும் மணிக்கொரு முறை அளவெடுத்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சராசரிகளைப் பாருங்கள்: ஆண்டு மழையும் பனியுமாக 4,350 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. அடிவாரத்து ஃபோர்ட் வில்லியம் நகரில் 2,050தான். ஆண்டுக்கு 261 சூறைக்காற்றுகள். நவம்பர் முதல் ஜனவரி வரை ஏறக்குறைய 80 விழுக்காட்டு நேரம் உச்சி மேகத்துக்குள். 1894 செப்டம்பரில் இரண்டு வாரம் அங்கே பணியாற்றிய சி. டி. ஆர். வில்சன், மேகத்தில் ஒளி காட்டிய கோலங்களைக் கண்டு, அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப் பார்த்து, மேக அறையைக் கண்டுபிடித்தார். அதற்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தது.

மேகத்துக்குள் நிற்பவருக்கு நோபலைவிட முக்கியமானவை இரண்டு எண்கள்: 231, 282. உச்சியின் அளவைத் தூணிலிருந்து 231 டிகிரி திசையில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி. இவை வரைபடக் கட்டத்தின்படியான கோணங்கள். திசைகாட்டியில் அந்த ஆண்டுக்குரிய காந்த விலகலைத் திருத்திக்கொள்ள வேண்டும். வழி பிசகினால் ஒருபக்கம் வடக்கு முகத்தின் செங்குத்துப் பள்ளங்கள், மறுபக்கம் உயிர்களைக் காவுகொண்ட ஐவிரல் பள்ளம். மூன்றாவதாக ஓர் எண்ணும் உண்டு, ஆபத்தில் ஊதும் விசில்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் மௌனம், மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று ஊதல் வரும். புதிதாகச் சேர்பவருக்குக் காலணி பற்றிச் சொல்லும் முன் இந்த மூன்று எண்களைச் சொல்லிவிட வேண்டும்.

இனி பணக் கணக்கு. எடுத்துக்காட்டுக்கு ஷிஹாலியன் மலை. உயரம் 1,083 மீட்டர், போய்வர 10 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 750 மீட்டர். நெய்ஸ்மித்படி 3 மணி 15 நிமிடம். எடின்பரோவிலிருந்து காரில் சுமார் 145 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார், லிட்டர் 1.45 பவுண்டு என்று வைத்துக்கொள்கிறேன்:

போய்வர 290 கி.மீ.
பெட்ரோல் 19.3 லிட்டர்
செலவு 28 பவுண்டு
நால்வர் பகிர்ந்தால் தலைக்கு 7 பவுண்டு
கரியமில வாயு 44 கிலோ, தலைக்கு 11 கிலோ

பவுண்டு 110 ரூபாய் என்றால் தலைக்கு 770 ரூபாய். தனியாகப் போனால் 3,080. கழகத்தில் சேர்வதன் முதல் லாபம் இங்கேயே இருக்கிறது.

மலைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. யாருடைய நிலமானாலும் பொறுப்போடு நடந்து செல்லும் உரிமையை ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தருகிறது. ஒதுக்குப்புறத்தில் இரவு தங்க வேண்டுமா? ஆளில்லாத பழைய கல்வீடுகளைச் செப்பனிட்டு, பூட்டில்லாமல் திறந்து வைத்திருக்கிறது 1965இல் தொடங்கிய ஒரு சங்கம். அப்படி ஏறக்குறைய நூறு வீடுகள், வாடகை பூஜ்யம். கால் முறிந்தால் தூக்கிவர வரும் மீட்புக் குழுவினரும் ஊதியமில்லாத தொண்டர்களே; தூக்கி வந்ததற்குப் பில் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வருகிற அந்த மனிதர்கள் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். நிகழ்ச்சிநிரலில் எத்தனை பூஜ்யங்கள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் பின்னால் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

ஷிஹாலியனைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. 1774இல் நெவில் மாஸ்கலைன் இந்த மலைச்சரிவில் மாதக்கணக்கில் தங்கினார். மலையின் ஈர்ப்பு ஒரு தூக்குக்குண்டின் நூலை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, அதிலிருந்து பூமியின் அடர்த்தியைக் கணிப்பது திட்டம். வடக்கிலும் தெற்கிலும் நின்று அளந்ததில் மலை காரணமாக வந்த மொத்த விலகல் 11.6 வில்விநாடி. ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் அதில் பன்னிரண்டு கூறுக்கும் குறைவு. கணக்குப் போட வந்த சார்லஸ் ஹட்டனுக்கு மலையின் எடை தெரிய வேண்டியிருந்தது. எக்கச்சக்கமான உயர அளவுகள் தாளில் சிதறிக் கிடந்தன. ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தார். மலையின் வடிவம் தாளில் எழுந்து வந்தது. மலையை இப்படிச் சம உயரக் கோடுகளால் காட்டிய தொடக்க முயற்சிகளில் இது ஒன்று. பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 4.5 மடங்கு என்று 1778இல் அவர் சொன்னார். இன்றைய மதிப்பு 5.5. ஒரு தூக்குக்குண்டையும் ஒரு மலையையும் வைத்து இவ்வளவு நெருங்கியது எனக்கு இன்றும் வியப்பு.

அந்தக் கோடுகளை நம்பி ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 பேர் ஏறும் மலை இது. அத்தனை காலடிகளைப் பழைய பாதை தாங்கவில்லை. மலைப்பாதை சீரழியும் விதம் எங்கும் ஒன்றே: செருப்படியில் புல் சாகிறது, கீழிருக்கும் கரிமண் வெளிவருகிறது, மழை அதைச் சேறாக்குகிறது, அடுத்தவர் சேற்றைச் சுற்றிக் காலை வைக்கிறார், அங்கும் புல் சாகிறது. பாதை அகலமாகிக்கொண்டே போய், மைல்கள் தள்ளி நின்று பார்த்தாலும் தெரியும் தழும்பாகிறது. 1999இல் மலையின் கிழக்குப் பகுதியை ஜான் மியூர் அறக்கட்டளை வாங்கி, தழும்பை ஆற விட்டு, வேறு தடத்தில் புதுப்பாதை அமைத்தது. 2003இல் வேலை முடிந்தபோது செலவு 8 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. நம் கணக்கில் 9 கோடி ரூபாயை ஒட்டி. கல்லை மூட்டை மூட்டையாக ஹெலிகாப்டர் தூக்கிக் கொண்டுபோய் இறக்க வேண்டிய வேலைகளில் செலவு இப்படித்தான் ஏறும்.

எட்டு லட்சம் என்றால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் வகுத்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு 20,000 பேர், இருபது ஆண்டு, ஆக 4 லட்சம் நடைகள். ஒரு நடைக்கு 2 பவுண்டு, 220 ரூபாய். தலைக்கான பெட்ரோல் பங்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வழியில் குடிக்கும் காபி இதைவிட அதிகம்.

வடமேற்கில் இருக்கும் ஆன் செல்லாக் மலையையும் பார்ப்போம். அதன் பாதையைச் செப்பனிட 3 லட்சம் பவுண்டு வேண்டும் என்று ஸ்காட்லாந்தின் மலையேற்றச் சம்மேளனமும் பாதைகளைப் பேணும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து மக்களிடம் கை நீட்டின. அரசு நிதி பெரும்பாலும் தேசியப் பூங்காக்களுக்குள் போகிறது; இந்த மலையோ பூங்கா எல்லைக்கு வெளியே இருக்கிறது. அந்தச் சம்மேளனத்தில் உறுப்பினர்கள் சுமார் 16,000 பேர். தலைக்கு 18.75 பவுண்டு கொடுத்திருந்தால் ஒரே தவணையில் முடிந்திருக்கும். மன்ரோ பட்டியலை முடித்தவர்கள் மட்டும், அந்த 7,000 பேர், கொடுத்திருந்தாலும் தலைக்கு 43 பவுண்டுதான். 282 சிகரம் ஏறியவர் ஒரு சிகரத்துக்கு 15 பென்ஸ் கொடுத்ததாக ஆகும்.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கேட்டால் கொடுக்கக்கூடியவர்கள்தான் அவர்கள். கேட்கும் இடம்தான் தவறு. பொது வேண்டுகோள் எப்போதோ ஒரு முறை வரும், மறந்துபோகும். நிகழ்ச்சிநிரல் எல்லோர் வீட்டிலும் சுவரில் ஒட்டியிருக்கும். உயரம், தூரம், ஏற்றம், தாள், நேரம் என்ற வரிசையில் ஆறாவதாக 'பாதை: 2 பவுண்டு' என்று ஒரு பத்தி இருக்கட்டும். கார் பங்கை வசூலிக்கும் அதே கையால் அதையும் வாங்கி, அந்த மலையைப் பராமரிக்கும் அமைப்புக்கு ஆண்டு முடிவில் அனுப்பிவிடலாம். மாதம் 15 பேர் வரும் கழகத்துக்கு அது ஆண்டுக்கு 360 பவுண்டு. நடந்து பழகியவர்களுக்கு இது பாரமே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

பணத்தைவிட ஒரு படி மேலான பங்களிப்பும் உண்டு. கல்பாவிய மலைப்பாதையின் உயிர் அதன் குறுக்கே போகும் வடிகால்களில் இருக்கிறது. ஒன்று சரளையால் அடைபட்டால் தண்ணீர் பாதைமீதே ஓடி, ஒரு பெருமழையில் கல்லைப் புரட்டிவிடும். அடைப்பை நீக்க நிபுணர் வேண்டாம், மண்வெட்டி போதும். 5 கி.மீ. பாதையில் 30 மீட்டருக்கு ஒரு வடிகால் என்று வைத்தால் 166 வடிகால்கள். ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றால் 42 மணி நேர உழைப்பு. பத்துப் பேர், நாலேகால் மணி நேரம். ஷிஹாலியனுக்கு ஒரு முறை போய்வருவதைவிட ஒரு மணி நேரம்தான் கூட.

ஆண்டின் 12 ஞாயிறுகளில் ஒன்றை, குளிர்காலம் முடிந்து பனி உருகிய பிறகு வரும் ஏப்ரலில், இதற்கு ஒதுக்கலாம். நிலத்தைப் பராமரிக்கும் அமைப்பிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். எந்த வடிகாலைத் திறப்பது, தோண்டிய சரளையை எந்தப் பக்கம் போடுவது என்பதை அவர்களே வந்து காட்டித் தருவார்கள்.